முதலாளிக்குப் பிடித்த பாட்டு

1984 ஏப்ரல் 2ஆம் தேதி, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருந்த ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் ரேடியோ கேசட் செட்டும் நான்கு ஸ்பீக்கர்களும் பொருத்தப்பட்டன. ஊழியர்கள் பாட்டுக் கேட்டபடி வேலை செய்யட்டும் என்றார் முதலாளி முகைதீன். ரிமோட்டை மட்டும் தம் அறையில் வைத்துக்கொண்டார்.

அறை என்றாலும் ஆள் உயரப் பலகைத் தடுப்புதான். சில பாட்டுகளுக்குத் தடுப்பின் மேல் ரிமோட்டோடு அவர் கை எழும்பும். சத்தம் கூடும்.

கேசட் போடும் பொறுப்பு கிளார்க் ஆம்ப்ரோசுக்கு. தலைமைக் கிளார்க் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி மேல் ஆம்ப்ரோசுக்குக் கண்.

“பாஸ் டேஸ்ட் புரிஞ்சிடுச்சுக்கா. சோகப் பாட்டுக்குத்தான் சவுண்ட் ஏத்துறாரு” என்றார், டெலிபோன் ஆபரேட்டர் ரோசம்மாவிடம்.

“நேத்து டப்பாங்குத்துக்கும் ஏத்தினாரே?”

“அதுலயும் ஒரு சோகம் இருக்கு. அவரு ரசிகருக்கா.”

ரோசம்மா சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கேசட் சிக்கிக்கொண்டது. ஆம்ப்ரோஸ் ரேடியோவுக்கு மாற்றினார். வானிலை அறிக்கை ஓடியது. தடுப்பின் மேல் கை எழும்பியது. மாலையில் இடியுடன் மழை பெய்யும் என்று அலுவலகமே அதிர்ந்தது.

“மழைக்கு எதுக்குக்கா இவ்ளோ சவுண்ட்?”

“இப்பதான் லைன் குடுத்தேன். வீட்டம்மா பேசுறாங்க. அவங்க போன் வந்தா மட்டும்தான் கை தூக்குவாரு. இவரு கெஞ்சுறது நமக்குக் கேக்கக் கூடாதுலா. நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்.”

திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒலித்தன. வீட்டம்மா போன் வந்தபோதும் தடுப்பின் மேல் கை எழும்பவில்லை. மே மாதம் ஆம்ப்ரோஸ் தலைமைக் கிளார்க் ஆனார்.