மாமி கைமாறும் நாள்

முதல் அடி ஞானத்தின் வாயில் விழுந்தது.

அடித்தவர் என் கணவர் யோகநாதன். அடி வாங்கியது, இன்று காலை லண்டனிலிருந்து வந்திறங்கிய அவருடைய சொந்தத் தம்பி.

மேசை சரிந்தது. தேநீர்க் கிளாசுகள் தரையில் உடைந்தன. பாரிஸில், ரூ லூயி-பிளாங் தெருவின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் மத்தியான நேரம். கடை நிறைய ஆட்கள்.

"அம்மாவிலை கை வைச்சனியோடா?"

ஞானம் வாயைத் துடைத்தார். இரத்தத்தோடு ஒரு பல்லும் உள்ளங்கைக்கு வந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கதிரையைத் தூக்கி அண்ணனின் தோளில் இறக்கினார்.

"பூட்டி வைச்ச நீ என்னைக் கேக்கிறியோ?"

இருவரையும் பெற்ற என் மாமி கோசலை, கைப்பையை மடியில் வைத்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

மாமி வருடத்துக்கு மூன்று முறை கைமாறுவார். பாரிஸில் எங்களோடு நாலு மாதம், லண்டனில் ஞானத்தோடு நாலு மாதம், சூரிச்சில் மகளோடு நாலு மாதம். லண்டனுக்குப் போகும் முறையென்றால், கார் து நோர் நிலையத்தில் ரயிலேறுவதற்கு முன் இந்தக் கடையில் சாப்பாடு. அது முடிந்ததும் என் கணவர் மாமியின் பாஸ்போர்ட்டைத் தம்பியிடம் கொடுப்பார்.

எங்களோடு இருக்கும் நாட்களில் அது என் கணவர் வேலை செய்யும் இடத்து லொக்கரில் இருக்கும். ஒருமுறை மாமி அதை எடுத்துக்கொண்டு தனியாக விமான நிலையம்வரை போய்விட்டார். அதன்பிறகு பிள்ளைகள் மூவரும் பேசிச் செய்த ஏற்பாடு.

ஊருக்குப் போகிறேன் என்று மாமி கேட்காத மாதமில்லை. ஒரு கலண்டரை ஒரே வீட்டில் இருந்து கிழித்து முடிக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை என்பார். "அங்கை உங்களுக்கு ஒண்டெண்டால் ஆர் பாக்கிறது?" மூன்று நாட்டிலும் இதே பதில்தான்.

இன்று, என் கணவர் போன் பேச வெளியே போயிருந்தபோது மாமி இளையவரிடம் சொன்னார்: "கொண்ணன் என்னை அறைக்குள்ளை விட்டுப் பூட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போறவன்."

என் கணவர் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை மேசையில் எடுத்து வைத்தார். ஞானம் கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் மூத்தவரிடம்: "போனமுறை தம்பி எனக்குக் கை நீட்டினவன்."

ஞானம் ஈரக் கையோடு திரும்பி வந்தார். அப்போதுதான் அந்த அடி.

சண்டை வாசலுக்கு நகர்ந்தது. என் கணவர் தம்பியின் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிக் கதவில் மோதினார். கதவில் நீளமாய் ஒரு கீறல் ஓடியது. மறுபடி மோதியபோது கண்ணாடி கொட்டியது. ஞானத்தின் காது கிழிந்தது. நடைபாதையில் மல்லாந்து விழுந்தவர் படுத்தபடியே அண்ணனின் விலாவில் உதைத்தார்.

"காணிப் பிரச்சினையாக்கும்," என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர்.

"தாய் உயிரோடையெல்லே இருக்கிறா. ஆர் வைச்சுப் பாக்கிறதெண்டு அடிபடுறாங்கள்," என்றார் பக்கத்தில் இருந்தவர், சோற்றைக் குழைத்தபடி.

பாஸ்போர்ட் தரையில் தேநீரில் நனைந்து கிடந்தது. நான் குனிந்து எடுத்து, சால்வையில் துடைத்து, மாமியின் கைப்பைக்குள் வைத்தேன்.

சமையலறையின் பின்கதவு சந்துக்குத் திறக்கும். அங்கே என் சிநேகிதி பூரணி காரோடு நின்றாள். கூசேன்வில் புறநகரில் இருப்பவள், விமான நிலையத்தில் வேலை. கொழும்புக்கான ரிக்கெற் அவளிடம் இருந்தது.

மாமி எழுந்தார். ஆனால் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. வெளியே என் கணவர் தம்பியின் நெஞ்சில் ஏறி இருந்து, தலைமயிரைப் பிடித்துத் தலையை நிலத்தில் அடித்தார். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது.

மாமியின் கால் வாசல் பக்கம் ஓரடி போய்விட்டது.

"பிள்ளை, உவன் அவனைக் கொல்லப்போறான்."

"நான் பாக்கிறன். நீங்கள் இப்ப போகாட்டி, இனி ஒருநாளும் போகமாட்டியள்."

மாமி என் கையை நகம் பதியப் பிடித்தார். பிறகு விட்டார். சமையலறைக்குள் நடந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் காலை மடக்கி வழி விட்டார்.

நான் தண்ணீர்ப் போத்தலோடு வெளியே ஓடி, என் கணவரின் முதுகில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடிக்குத்தான் அவர் பிடியை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் நடைபாதை விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானத்தின் கொலர் முழுக்கச் சிவப்பு. என் கணவரால் இடது கையைத் தூக்க முடியவில்லை.

"அண்ணை, சத்தியமாய் நான் அம்மாவை அடிக்கேல்லை." பல் போன இடத்தில் பாதிச் சொற்கள் காற்றாக வந்தன.

"நானும் ஒருநாளும் பூட்டேல்லையடா."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் கொடுத்த ஐஸ் பையைத் தன் தோளிலிருந்து எடுத்து, என் கணவர் தம்பியின் வாயில் வைத்துப் பிடித்தார்.

"அம்மா எங்கை, அண்ணி?" என்று கேட்டார் ஞானம்.

"ரொய்லற்றுக்குப் போனவ. ரத்தத்தைக் கண்டு வயித்தைப் பிரட்டுதாம்."

நம்பினார்கள். அம்மா வரட்டும் என்று காத்திருந்தார்கள். பொலிஸ் காரின் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"அப்ப அம்மா ஏன் அப்பிடிச் சொன்னவ?" என் கணவர் என்னைத்தான் கேட்டார். "அவவுக்குப் பொய் சொல்லவே தெரியாது."

உண்மைதான். ஒரு கிழமையாக நான் சமையலறையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தும், எந்த வரி எந்த மகனுக்கு என்று இன்று காலை வீட்டிலிருந்து வந்த ரயிலிலும் மாமி என் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தார்.