டிராக்டர் நின்ற இடம்

"கிளாவுஸ், முதல்ல மாட்டைக் கொட்டகைக்கு ஓட்டு. மழை வரப்போவுது" என்று ரின்ஸி ஜெர்மன் மொழியில் கத்தினாள். கணினித் திரையில் ஒரு டிராக்டர் கோதுமை வயலை விட்டுத் திரும்பியது.

"நீ வைக்கோலை எடுத்து வை. மாடு தானா வரும்" என்றது ஹெட்போனில் ஓர் ஆண் குரல்.

அடுக்களையிலிருந்து அம்மா மேரிக்குட்டி எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆட்டுக்கு ஒரு நாளும் பலா இலை ஒடிச்சுப் போட்டதில்ல. எவனோ வெள்ளைக்காரனோட மாட்டை மேய்க்கிறா."

"படிக்கிறேன் மம்மி."

"படிக்கிற லட்சணம்தான் தெரியுதே. அவன் கத்தோலிக்கனா?"

"கேக்கல."

"ஆறு மாசமா பேசுறே, அதைக் கேக்கல. வேற என்னதான்டி பேசுறீங்க?"

கோட்டயத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒன்று நர்ஸ் தலையில் விழும், இல்லையென்றால் ஜெர்மன் சொல்லித்தரும் இடத்தின் போர்டில் விழும். ரின்ஸியும் நர்ஸ்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாள்.

அதில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு விஷயத்தைக் கொடுத்து, வாதாடச் சொல்வார்கள். முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாளை மூன்றாவது முறை. இதிலும் போனால், ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளுக்காக வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"அசல் ஜெர்மன்காரன் ஒருத்தனைப் பிடிங்க. அவன்கூட அரை மணி பேசுறது என்கிட்ட ஒரு மாசம் உக்காருறதுக்குச் சமம்" என்று வகுப்பில் ஷாபு சார் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அப்படித்தான் இந்தப் பண்ணை விளையாட்டுக்குள் நுழைந்தாள்.

கற்றுக்குட்டி என்று தெரிந்தால் யார் மதித்துப் பேசுவார்கள்? பெயர் ஹன்னா, ஊர் ஹாம்பர்க் என்று அடித்துவிட்டாள். கிளாவுஸுக்கு ஊர் பிரேமன். அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பான். அவனிடம் மட்டும் அவளுக்கு நாக்கு ஒட்டியதே இல்லை.

பொய் சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெர்மனி போனதும் முதல் விடுமுறைக்கு ரயிலேறி பிரேமனுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

ஏழு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. மோடமும் அணைந்தது. ரின்ஸி நகத்தைக் கடித்தாள். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். இரண்டு முறை தண்ணீர் குடித்தாள்.

"எங்கேயாவது உக்காருடி. தரை தேஞ்சிடும்" என்றாள் மேரிக்குட்டி.

ஏழரைக்குக் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் விளையாட்டைத் திறந்தாள். கிளாவுஸின் டிராக்டர் அவள் கடைசியாகப் பார்த்த அதே வரப்போரம் நின்றது. இத்தனை நேரம் எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்க மாட்டான் என்று ஷாபு சார் சொன்னது சரிதான்.

"கிளாவுஸ், நாளைக்கு எனக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. பயமா இருக்கு."

"பயம் வந்தா சத்தமா பேசு" என்றான். "மாடே உன் சத்தத்துக்குத்தான் அடங்குது."

மறுநாள் கொச்சி. தேர்வு அறையில் அவளுக்கு எதிரே நெற்றியெல்லாம் வியர்வையோடு ஒல்லியாக ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனும் நர்ஸ்தான் என்று கழுத்தில் கழற்ற மறந்த ஆஸ்பத்திரி அட்டை சொன்னது. அவன் காலை ஆட்டிய ஆட்டத்தில் மேசையும் சேர்ந்து ஆடியது. போச்சு, இவன் என்னைவிட மோசம் என்று ரின்ஸி நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நடத்த வந்திருந்த ஜெர்மன்கார அம்மாள் தலைப்பைச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் பிராணிகள் வளர்க்கலாமா, கூடாதா?

முதலில் அவன் பேச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து இரண்டு வாக்கியம் சொன்னான்.

ரின்ஸியின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. பதில் சொன்னாள், நல்ல சத்தமாகவே சொன்னாள். அவன் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

அதன் பிறகு இரண்டு பேரும் மூச்சுவிடாமல் வாதாடினார்கள். வைக்கோலுக்கு எங்கே போவது என்று அவள் மடக்கினாள். சாணி தோட்டத்துக்கு உரமாகுமே என்று அவன் திருப்பினான். முதியோர் இல்லத்தில் நாயும் பூனையும் இருக்க மாடு எதற்கு என்று அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பேனாவை மூடிவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நேரம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவளுக்குக் கடிகாரம் நினைவு வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்து படிச்சவங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான் முதல்முதலா பாக்குறோம்" என்றார்கள் இருவரும்.

அந்த அம்மாள் நம்பாமல் சிரித்தாள். "எப்படியோ, ரெண்டு பேருக்கும் இனிமே இந்தப் பக்கம் வேலை இல்ல. பெட்டியைக் கட்டலாம்."

வெளியே வராந்தாவில் ரின்ஸிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்னாலேயே வந்த அவன், அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சுத்தமான கோட்டயம் மலையாளத்தில் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ, ஏழு மணிக்கு உங்க வீட்டுலயும் கரண்ட் போயிடுதா?"