அறுபத்து நான்கில் நின்றது

மின்விசிறியை முதல்முறை நிறுத்தியது அவள்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மின்சாரம் போயிருக்கலாம். அந்த ஏப்ரலில் அடிக்கடி போகும்.

இரண்டாம் முறையும் வேறு யாரோ என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை அவள்தான். எழுந்து போனாள். ரெகுலேட்டரைத் திருப்பி நிறுத்தினாள். குமிழைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

விசிறி தள்ளாடி ஓய்ந்தது.

வேதியியல் செய்முறைத் தேர்வு. பேனாச் சத்தம்கூட நின்றுவிட்டது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சட்டைக் காலரைத் தூக்கிக் கழுத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, ஆளை அவிக்கிறியா?"

"ரீடிங் எடுக்கேன் சார். காத்து பட்டா சீக்கிரம் ஆறிரும்."

அவளுக்கு நேர் மேலேதான் அந்த விசிறி. அவர் போடச் சொன்ன இரண்டு முறையும் அவள் குழாய் கண்டபடி குளிர்ந்தது. இரண்டு முறையும் திரும்ப வெந்நீரில் வைத்து உருக்கினாள்.

உருக்கிய ஸ்டீரிக் அமிலம். கண்ணாடிக் குழாய். நடுவில் வெப்பமானி. சூடு இறங்கிக்கொண்டே வரும். உறையத் தொடங்கும் இடத்தில் இறக்கம் நின்றுவிடும். முழுவதும் வெள்ளையாக இறுகும்வரை பாதரசம் அசையாது. அந்த இடத்தைக் கண்டு எழுத வேண்டும்.

புத்தகத்தில் அது அறுபத்தொன்பது டிகிரி.

நாங்கள் எல்லோரும் எழுதிவிட்டோம். என் பக்கத்து மேசை ஐயம்பெருமாள் அமிலத்தை உருக்கவே இல்லை. அவன் வரைபடம்தான் இருப்பதிலேயே அழகு.

"யக்கா," என்றான் தணிந்த குரலில். "அறுபத்தொம்பதுன்னு போட்டுட்டுக் கெளம்புங்க. வயிறு கூப்பாடு போடுது."

அவள் திரும்பவில்லை.

எங்களைவிட ஒரு வகுப்பு மூத்தவள். போன ஆண்டு இதே தேர்வில் அவளும் அறுபத்தொன்பதுதான் எழுதினாளாம். அவள் வகுப்பில் எல்லோரையும்போல. வரைபடத்தை முடித்து நீட்டியபோது குழாயில் அமிலம் இன்னும் தண்ணீராகக் கிடந்தது. அன்று வந்திருந்த தேர்வாளர் அதைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அறையே சிரித்தது.

அவளை மட்டும் தேறவிடவில்லை.

மற்ற தாள்களை முடித்துவிட்டாள். இது ஒன்றுதான் பாக்கி. உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். ஜூனில் பட்டத்தோடு வரவேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

ஓராண்டுக் கோபம் அவள் முதுகில் தெரிந்தது. நாற்காலி இருந்தும் நின்றாள். வியர்வை முழங்கையிலிருந்து சொட்டியது. துடைக்கவில்லை.

தேர்வாளர் ஒரு விடைத்தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

"நல்லா வருவம்மா நீ."

பாதரசம் இறங்கியது.

அறுபத்தொன்பது வந்தது. நிற்கவில்லை.

அவள் குனிந்தாள்.

அறுபத்தெட்டு. அறுபத்தேழு. வெப்பமானியை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். அது தன்பாட்டுக்கு இறங்கியது.

அறுபத்து நான்கில் நின்றது.

கண்ணாடி ஓரத்தில் வெள்ளை படிந்தது. உள்நோக்கி வளர்ந்தது. பாதரசம் அசையவில்லை. அவளும் அசையவில்லை.

எங்கள் ஜெசிந்தா மேடம் அவள் அருகே போனார். வெப்பமானியைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"புட்டி பழசும்மா," என்றார். "ஒவ்வொரு வருசமும் உருக்குனதத் திரும்ப அதுலதான ஊத்துறோம். அழுக்கு சேந்தா உறையுற சூடு எறங்கத்தான் செய்யும். வர்றது வரட்டும். நீ அறுபத்தொம்பதுன்னே எழுதிரு."

அவள் நிமிர்ந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?"

மேடம் தேர்வாளர் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"எழுதிரும்மா."

கெஞ்சுவதுபோல இருந்தது.

"போன வருசம் அதத்தான் எழுதுனேன்."

அறை முழுக்கக் கேட்டது. தேர்வாளர் விசிறுவதை நிறுத்தினார். ஐயம்பெருமாள் தன் வரைபடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

அவள் 64 என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில் மறுபடியும் எழுதினாள்.

தேர்வாளர் அதை வாங்கிப் பார்த்தார்.

"எந்தப் புத்தகத்துல இருக்கு இது?"

அவள் குழாயைக் கழற்றி அவர் முன்னால் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு துளிகூட விழவில்லை.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அந்தத் தேர்வாளர் இப்போது இல்லை. ஜெசிந்தா மேடம் ஓய்வுபெற்று மகனோடு ஓசூரில் இருக்கிறார். ஐயம்பெருமாள் ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். செய்முறைத் தேர்வு நடத்த ஆண்டுதோறும் வெளியூர் போகிறான். நான் மருந்து விற்கிறேன்.

அவள் தேறவில்லை. அடுத்த முறை எழுத வரவும் இல்லை. பள்ளியில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டும் அந்தப் புட்டியிலிருந்துதான் அமிலம் எடுத்தார்கள்.

எல்லோரும் தேறினார்கள்.