வரிசை இல்லாத கடை

வாசலில் மேயரின் கார் நின்றதும், என்னோடு கடையில் வேலை பார்க்கும் கப்பா தன் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

அரசு விலைக்கட்டுப்பாட்டை நீக்கிய முதல் நாள் அது. கம்யூனிஸ்ட் ஆட்சி போய், செங்கொடியை இறக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

நேற்றுவரை எங்கள் கடையில் கடற்பாசி டப்பாக்களையும், அவற்றை விற்க நின்ற எங்கள் இருவரையும் தவிர வேறொன்றும் கிடையாது.

இன்று காலை நகராட்சி லாரி வந்து சாசேஜ், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று கண்ணாடிப் பெட்டி நிறைய இறக்கிவிட்டுப் போயிருந்தது.

மேயர் ரோதியோன் மத்வேயெவிச் எனக்குப் புதியவர் அல்ல. மாலைக் கல்லூரியில் எனக்குப் பொருளாதாரம் நடத்தியவர்.

விலையை நிர்ணயிக்கும் உரிமை மக்கள் அரசுக்கு மட்டுமே உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எழுதிக்கொண்டோம். அப்படி எழுதாதவர்களைத் தேர்வில் தவறவும் வைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் காற்று திசை மாறியதும் கட்சி அட்டையை மேடையில் கிழித்தார். ஊரே கைதட்டியது. அடுத்த தேர்தலில் மேயரானார்.

நரம்பில்லாத நாக்கு. எப்படியும் வளையும்.

தொலைக்காட்சிக்காரர்கள் விளக்கைப் போட்டார்கள். மேயர் சாசேஜ் பெட்டிக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை நிற்பதுபோல் நின்றார்.

எழுபது ஆண்டுகளாக இந்த நாட்டைத் தின்ற வரிசை ஒழிந்தது என்றார். பொய்யான விலை இருக்கும்வரைதான் வரிசை இருக்கும், உண்மையான விலை வந்ததும் பொருள் வந்துவிட்டது, இதோ பாருங்கள் என்றார்.

வரிசை இல்லை என்பது உண்மைதான். ஆளே இல்லை.

காலையிலிருந்து ஜனங்கள் வருவதும், அருங்காட்சியகத்தைச் சுற்றுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதுமாக இருந்தார்கள். பல மடங்கு ஏறிய விலையைச் சீட்டில் படித்த ஒருவர் பெட்டியை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். கம்பளி பூட்ஸ், சாம்பல் நிறச் சால்வை. எழுபதைத் தாண்டியிருக்கும்.

விளக்கையும் கேமராவையும் அவள் பொருட்படுத்தவில்லை. நேராக வந்து சாசேஜ் என்ன விலை என்று கேட்டாள். கப்பா சொன்னாள். திரும்பவும் கேட்டாள். கப்பா இந்த முறை மெதுவாகச் சொன்னாள்.

அவள் மேயரின் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமும் வரிசையில நின்னா கடைசியில ஏதாவது கெடைக்கும்னு நின்னோம். இனிமே எங்க போய் நிக்கணும்னு நீயே சொல்லு."

மேயரை ஒருமையில் பேசுகிறாளே என்று பதறினேன். கப்பா பெட்டிக்குக் கீழே என் கையைக் கிள்ளினாள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மேயர் சிரித்தார். தேர்தல் வந்ததிலிருந்து ஊரில் உள்ள கிழவிகளெல்லாம் அவருக்கு அம்மாதான்.

"கொஞ்ச காலம் பொறுத்துக்கணும்மா."

"பொறுத்தது பத்தாதா உனக்கு?"

ஆதரவாகத் தோளில் கை வைக்கப் போனார். அவள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

தொலைக்காட்சிப் பெண்ணுக்கு ஒரே குஷி. ஒலிவாங்கியை அவளிடம் நீட்டிப் பெயரைக் கேட்டாள்.

அம்மாள் தலையைத் திருப்பினாள். மேயரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருப்பவள்போல் பார்த்தாள்.

மேயர் பாலாடைக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரெல்லாம் எதற்கு, ஒரு பென்ஷன்காரி என்று போட்டுக்கொள் என்றாள் அவள்.

அடுத்த நிமிடம் மேயருக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது. உதவியாளர்கள் கதவைத் திறக்க, குளிர்காற்றை உள்ளே விட்டுவிட்டுப் போனார். விளக்கை அணைத்து, வயரைச் சுருட்டிக்கொண்டு கேமராக்காரர்களும் பின்னால் ஓடினார்கள்.

கடையில் நாங்கள் இருவரும் அந்த அம்மாளும்தான்.

நான் முக்காலியை நகர்த்திப் போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் குவளையைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மேயரின் மேலங்கியிலிருந்து அவருடைய பட்டம்வரை ஒன்றையும் விட்டுவைக்காமல் பிடிபிடியென்று பிடித்தாள். பெற்ற தாய் வயதில் ஒருத்தி கேட்கிறாள், பதில் சொல்ல வக்கில்லாமல் ஓடுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்றாள்.

அம்மாள் கேட்டுக்கொண்டே தேநீரை ஊதிக் குடித்தாள்.

"இப்படி ஒண்ணப் பெத்துப் போட்டவ எவளோ, அவ வயித்துல..." என்று கப்பா ஆரம்பித்தாள்.

"நாந்தாம்மா" என்றாள் அவள்.

கப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் குவளையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சால்வையை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"நீ நிறுத்தாத, திட்டு. எனக்குத்தான் அவன்கிட்ட அதுக்கு மேல கேக்க வாய் வரல."