வேலியோரத்துத் திசைகாட்டிச் செடி

கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேர்: புல்வெட்டும் வண்டியில் டென்னி, வேலியோரம் ஆர்லோ, மர நிழலில் காபியோடு ஹோபார்ட். மற்றவர்கள் எல்லாம் மண்ணுக்குக் கீழே.

அவர்களில் ஒருத்தியைத்தான் ஆர்லோ தேடிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. தலைமாட்டில் ஒரு திசைகாட்டிச் செடி நிற்கும், அதுதான் அடையாளம் என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள்.

அடக்கத்துக்கு அவன் வரவில்லை.

செடி நின்றது. அவனைவிட உயரம். உச்சியில் மஞ்சள் பூக்கள். அடியில் இலைகள் ஒரு விளிம்பை வடக்கிலும் மறு விளிம்பைத் தெற்கிலும் வைத்து, கத்திபோல் நிமிர்ந்திருந்தன. புல்வெளியில் வழி தவறினால் இதைப் பார், வீடு வடக்கே என்பாள் அம்மா.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிற? களைய வெட்டு," என்றார் ஹோபார்ட்.

"இது களையில்ல சார்."

"பின்ன என்ன, உன் மாமியாரா?"

டென்னி சிரித்தான். "நகரு, நான் வண்டிய ஏத்திடறேன்."

சொல்லிவிடலாம். சொன்னால் இனி இங்கே கூட்டி வரமாட்டார்கள். சொந்த ஜனம் இருக்கும் இடத்தில் அவனைப் போன்றவர்களுக்கு வேலை தரக்கூடாது என்பது விதி. அம்மா இரண்டாவது புருஷன் பெயரோடு புதைக்கப்பட்டதால்தான் யாருக்கும் தெரியவில்லை.

மண்மேடு இன்னும் இறுகவில்லை. வண்டி ஏறினால் அமுங்கிப்போகும்.

"நானே வெட்டறேன்."

தண்டில் கசிந்து உறைந்திருந்த பிசினைக் கிள்ளி வாயில் போட்டான். சின்ன வயதில் சூயிங்கம் மாதிரி மெல்ல அம்மா கிள்ளிக் கொடுத்த அதே கசப்பு. பிறகு மண்டியிட்டு, கைக் கத்தரியால் வெட்டினான். வேர் அம்மாவைவிட ஆழத்தில் இருக்கிறது. திரும்ப முளைக்கும்.

எழ நேரமானது.

ஹோபார்ட் வந்து மண்மேட்டைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மீதிக் காபியைப் புல்லில் கொட்டிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் தெற்கே திரும்பியது.

இறங்கியதும் வாசலில் வழக்கம்போல் சோதனை. பை, சட்டை, செருப்பு.

"வாயத் திற."

திறந்தான். நாக்கின்மேல் வெள்ளைப் பிசின்.

ஹோபார்ட் குனிந்து பார்த்தார். "மூடு," என்றார். "இனிமே வேலியோரம் உன் வேலை. ரொம்பக் குட்டையா வெட்டாத."

ஆர்லோ தன் அறைக்குள் போனான். ஹோபார்ட் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.