ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

நெடுஞ்சாலையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது, கடைக்காரர் கடையை நகர்த்தவில்லை. சாலைக்கும் கடைக்கும் நடுவே இருந்த காலியிடத்தில் ஆளுயரத்துக்கு மேல் சுவர்களை எழுப்பினார். கடையிலிருந்து சாலையோரச் சுவர்வரை வந்து, கடைவரை திரும்பிப் போய், இப்படியே மடிந்து மடிந்து சாலையோரம் வந்து முடியும் ஒடுக்கமான நடைபாதை. அளக்க வந்த அதிகாரி டேப்பைப் பிடித்தபடி கடைசிவரை நடந்தார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். கையெழுத்துப் போட்டார்.

ஒரு மதியம் உள்ளே குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் செங்கோடன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே சிக்கியது. நாலு பேர் அவனைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். லாரியில் காத்திருந்த அவன் மனைவி பாவாயி ஓடிவந்தாள். எதிரே போனால் வழி அடைபடும் என்று அவளைச் சாலையோர வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

“இந்தச் செவுத்த இடிங்க சாமி. அவரு கொரலு இங்கயே கேக்குதே.”

“இடிச்சா தூரம் கொறஞ்சிரும்மா, லைசென்ஸ் போயிரும். வந்துட்டுத்தான் இருக்காங்க” என்றார் கடைக்காரர்.

அவள் சுவரில் காதை வைத்தாள். காலடிகள் ஓட்டமாக நெருங்கின. “பாவாயி” என்றான் செங்கோடன், ஒரு செங்கல்லுக்கு அப்பால். “இங்கதான் இருக்கேன்” என்றாள். காலடிகள் திரும்பித் தூரமாகப் போயின. அடுத்த முறை முனகல் மட்டும் கேட்டது. அதற்கடுத்த முறை காலடிகள் மட்டும் வந்தன. இப்போது அவற்றில் அவசரம் இல்லை.