ரெஜினா சொன்ன பொய்

கடல் ஊருக்குள் ஏறப்போகிறது என்று காலையில் அறிவிப்பு வந்ததும் எண்ணூர்க் குடியிருப்புக்குப் பேருந்துகள் வரத் தொடங்கின. ரெஜினா மகனையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பேருந்துப் படியில் ஆளை அடையாளம் பார்க்கும் கருவி அவளுக்கும் பட்டதாரி மகன் ஆல்வினுக்கும் பச்சை காட்டியது. மகள் பெனிட்டாவுக்குச் சிவப்பு எரிந்தது.

"பம்ப் மெக்கானிக்கா? தொழில் லைசென்ஸ் வச்சிருக்கறவங்க ஊரை வுட்டுப் போவக்கூடாதும்மா. தண்ணிய எறைக்கிற பம்ப்ல ஒண்ணு இப்பவே நின்னுபோச்சு, தண்ணி வடியிற வரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார் காவலர்.

கல்லூரிக்குப் போகிறேன் என்று அழுத பெண்ணை, "உங்கண்ணன் படிச்சி இன்னாத்தக் கிழிச்சான்?" என்று அதட்டித் தொழிற்பள்ளியில் சேர்த்தவள் ரெஜினாதான். தன் மகளைப் போல மோட்டாரைப் பிரித்து மாட்ட ஆளே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவளும் அவள்தான்.

இறங்கி வந்து காவலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சார். யாரையோ புடிச்சி லைசென்ஸ் வாங்கிட்டோம். ஒரு ஸ்க்ரூ கூட முடுக்கத் தெரியாது. வுட்டுடுங்க சார்."

காவலர் தயங்கினார். "நெஜமாவாம்மா?" என்று பெனிட்டாவைக் கேட்டார்.

பேசாதே என்று ரெஜினா கண்ணாலேயே கெஞ்சினாள். பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். பிறகு, இன்னும் பேருந்து கிடைக்காமல் அதற்குள் கணுக்கால் வரை ஏறிவிட்ட தண்ணீரில் நின்றிருந்த சனத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் தெரியும் சார்" என்றாள். "எந்த பம்ப் நின்னுபோச்சு?"